ஒத்திகையில் விழுந்த கம்பம்

சங்குவிளை பேரூராட்சியின் ஆறாவது வார்டில், சர்ச் தெரு கடற்கரைச் சாலையில் வந்து முட்டுகிற முக்கில், ஒரு மின்கம்பம் சாய்ந்துகொண்டிருந்தது. சாய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விழுந்த கம்பங்களைக் கவனிக்க மின் அலுவலகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நேராக நிற்கும் கம்பங்களைக் கவனிக்காமல் இருக்கவும் ஒரு பிரிவு இருக்கிறது. சாய்ந்துகொண்டிருக்கும் கம்பம் இரண்டுக்கும் நடுவில் இருந்ததால், இரண்டு பிரிவுகளும் அதை ஒன்றுக்கொன்று மரியாதையாக விட்டுக்கொடுத்திருந்தன.

உப்புக்காற்று அடிக்கிற ஊர். கம்பத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பிகள் துருவேறி, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தன. காற்று பலமாக அடித்தால் கம்பம் முனகும். ஆறாவது வார்டு முழுவதற்கும் கரன்ட் அதன் தலையில் இருந்த கம்பிகள் வழியாகத்தான் போனது. குடிநீர்த் தொட்டியின் மோட்டாரும் அந்த லைனில்தான் ஓடியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் அதன் கீழேதான் நடந்தார்கள்.

கம்பத்துக்கு நேர் எதிரே கிங்ஸ்டனின் பேக்கரி. மக்ரூன் போடுவதில் கிங்ஸ்டன் கெட்டிக்காரர். நல்ல பருத்த உடம்பு, அதற்குள் கொஞ்சூண்டு தைரியம். போலீஸ்காரர் பன் வாங்க வந்தால்கூட, தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் பொட்டலம் கட்டுவார். அவர் மனைவி ஜாய் அந்தத் தொடக்கப்பள்ளியில் டீச்சர். பள்ளி விட்டதும் கிங்ஸ்டன் கடையை விட்டு வெளியே வந்து, கடைசிப் பிள்ளை தாண்டிப் போகும்வரை கம்பத்தின் உச்சியைப் பார்த்தபடி நிற்பார். விழுந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பக்கத்து மளிகைக் கடை வடிவம்மாளுக்கு இது பொறுக்கவில்லை.

"ஏ தம்பி, நீ மேல பாத்துக்கிட்டே நின்னா அது நிமிந்துருமா? வா, நாலு பேரா ஆபீசுக்குப் போய்க் கேப்போம்."

நாலு பேர் போனார்கள். கிங்ஸ்டன், ஜாய், வடிவம்மாள், கடற்கரையில் நாட்டுப்படகு வைத்திருக்கும் விக்டர். மின் அலுவலக வாசலில் புத்தம்புதுக் கம்பங்கள் அடுக்கிக் கிடந்தன. அவற்றின்மேல் ஆடுகள் ஏறிப் படுத்திருந்தன.

இளநிலைப் பொறியாளர் அவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"விழுந்த கம்பத்துக்குத்தான் புதுக் கம்பம். நிக்கிற கம்பத்த எடுத்துட்டு வேற வச்சா, நல்லா நின்ன கம்பத்த ஏன் எடுத்தேன்னு ஆடிட்ல என்னையத்தான் கேப்பாங்க."

"அப்ப அது விழணுமா சார்?" என்றார் கிங்ஸ்டன்.

"விழணும்னு நான் சொல்வேனா? விழுந்தா உடனே சொல்லுங்கன்னு சொல்றேன். உடனேன்னா உடனே. நாங்க லேட் பண்றதே இல்ல."

வடிவம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "யாரு தலையில விழுந்தா சீக்கிரம் நடக்கும்னு சொல்லிட்டியன்னா, நாங்க அதுக்கும் ஏற்பாடு பண்ணிருவோம்."

பொறியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் பொதுமக்கள் ஒத்துழைப்பப் பொறுத்ததும்மா" என்றார்.

அன்று சாயங்காலமே விக்டர் தன் படகிலிருந்து தடித்த நைலான் கயிற்றைக் கொண்டுவந்தான். தெருவே கூடியது. கம்பத்தின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, ரோட்டோரப் பூவரச மரத்தில் இழுத்துக் கட்டினார்கள். முனகல் நின்றது. அன்றிரவு கிங்ஸ்டன் நன்றாகத் தூங்கினார்.

கம்பம் சாய்ந்தபோது வராத கார், கயிறு கட்டியதும் வந்தது. 'கடலோரப் பொதுநலப் பாதுகாப்பு விழிப்புணர்வு மன்றம்' என்று அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. காரிலிருந்து இறங்கியவர் மன்றத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கிருபாநிதி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வீட்டில்கூட மைக் முன்னால் நிற்பதுபோலத்தான் பேசுவார் என்று சொல்வார்கள்.

"இந்தக் கயிற்றைக் கட்டியவர் யார்?"

கிங்ஸ்டன் கையைத் தூக்கிவிட்டார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

"நண்பரே, உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் கயிறு கட்டினால் இந்தக் கம்பம் ஆபத்தானது என்ற தவறான எண்ணம் மக்களிடையே பரவும். பயம் வேறு, பாதுகாப்பு வேறு. உடனே அவிழ்த்துவிடுங்கள்."

"அவுத்தா விழுந்துரும் சார்" என்றான் விக்டர்.

"விழுந்துவிடும் என்ற விழிப்புணர்வு உங்களுக்கு இருக்கிறதல்லவா? எங்கள் மன்றம் எதிர்பார்ப்பது அதைத்தான்."

மன்றத்துக்கு மேலிடத்தில் செல்வாக்கு இருந்தது. கயிறு அவிழ்ந்தது. அதற்குப் பதிலாக, அந்த வாரமே நாதஸ்வரம் ஒலிக்க, கம்பத்தில் ஓர் இரும்புப் பலகை மாட்டப்பட்டது. 'எச்சரிக்கை! இக்கம்பம் ஆபத்தானது. இப்படிக்கு, மன்றம்.' எழுத்தைவிடக் கிருபாநிதியின் படம் பெரிதாக இருந்தது. பலகை இரண்டு ஆள் தூக்குகிற கனம். அதை மாட்டியதும் கம்பம் இன்னும் கொஞ்சம் குனிந்ததைத் தெரு முழுவதும் பார்த்தது. கிருபாநிதியும் பார்த்தார்.

"பாருங்கள், பலகை இப்போது பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக வருகிறது" என்றார்.

கை தூக்கியதற்காகக் கிங்ஸ்டனை 'பாதுகாப்புத் தோழர்' ஆக்கினார்கள். இருட்டிலும் மினுங்குகிற பச்சைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தினமும் கம்பத்தோடு நின்று செல்ஃபி எடுத்து மன்றத்தின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்ப வேண்டும். கிங்ஸ்டன் அனுப்பினார். ஒவ்வொரு படத்திலும் கம்பம் முந்தைய நாளைவிட அவர் தோளுக்கு நெருக்கமாக வந்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கிருபாநிதி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒருநாள் மட்டும், "இன்னும் சிரித்த முகமாக நிற்கலாம்" என்று எழுதினார்.

ஐப்பசி பிறந்தது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னார்கள். விக்டர் படகைக் கரையேற்றினான். வடிவம்மாள் தன் கடைக்கு வருகிறவர்களைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னாள். ஜாய் பிள்ளைகளை வரிசையாகக் கைகோத்து, கம்பத்தை வளைத்து, மணலில் இறங்கி நடக்கச் செய்தாள். தெருக்காரர்கள் மறுபடியும் கூடி மன்றத்துக்கு ஆள் அனுப்பினார்கள். "மழை வருதுங்கையா. ஏதாவது செய்யணும்."

கிருபாநிதி செய்தார். ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார்.

"மின்கம்பம் விழுந்தால் மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற மாபெரும் பேரிடர் ஒத்திகை" என்று பேக்கரிக்குள் நின்று அறிவித்தார். "தத்ரூபமாக இருக்க வேண்டும். அதனால் இந்தக் கம்பத்தடியிலேயே நடத்துகிறோம். சென்னையிலிருந்து விருதுக் குழு வீடியோவைப் பார்க்கப்போகிறது. இறந்தவராக நடிக்க ஓர் ஆள் தேவை."

அவருடைய பார்வை கிங்ஸ்டனின் உடம்பை மேலிருந்து கீழே அளந்தது.

"தூரத்திலிருந்தே தெரிவார்" என்றார் உதவியாளரிடம்.

அன்று வீட்டில் ஜாய் கேட்டாள். "ஏங்க, மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல வராதா உங்களுக்கு?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவரு நன்றின்னுட்டாரு."

ஒத்திகை நாளில் வானம் கறுத்துக் கிடந்தது. காற்று கடலிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்தது. கம்பத்தை ஒட்டியே மேடை. மேடைக்கு முன்னால் சிறப்பு விருந்தினர்களுக்கு சோபா நாற்காலிகள். அதற்கும் முன்னால், வீடியோவில் நன்றாக விழும் என்று, பள்ளிப் பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடை விளக்குக்கும் மைக்குக்கும் அதே கம்பத்திலிருந்துதான் ஒயர் இழுத்திருந்தார்கள்.

கிங்ஸ்டனைக் கம்பத்தின் காலடியில் மல்லாக்கப் படுக்கப் போட்டு, அவருடைய பேக்கரியிலிருந்தே எடுத்த சிவப்புக் கலரைத் தண்ணீரில் கரைத்து நெஞ்சில் ஊற்றினார்கள். 'இறந்தவர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். தொப்பி போட்ட தன்னார்வலர் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள்.

கிருபாநிதி மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! விபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் நம் மன்றம் விபத்தை முறைப்படி அழைத்திருக்கிறது. நாங்கள் ஒத்திகை நடத்திய எந்த ஊரிலும் ஒத்திகையின்போது ஓர் உயிர்கூடப் போனதில்லை. பிறகு போனவற்றுக்கு மன்றம் பொறுப்பல்ல. இந்தக் காற்றைப் பாருங்கள், இந்த மேகத்தைப் பாருங்கள்! எவ்வளவு தத்ரூபம்! இதற்கு நாம் ஒரு பைசா செலவழிக்கவில்லை."

கிங்ஸ்டன் படுத்த இடத்திலிருந்து கம்பத்தின் அடிப்பகுதி அவர் கண்ணுக்கு வெகு அருகில் இருந்தது. நின்றுகொண்டிருந்த யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. காற்று ஒருமுறை தள்ளியதும் அடியில் ஒரு விரிசல் திறந்தது. காற்று ஓய்ந்ததும் மூடியது. மறுமுறை திறந்தபோது அதற்குள் கட்டைவிரலை விடலாம்போல இருந்தது. உள்ளே ஒரு கம்பி 'டப்' என்று அறுந்தது. சிமென்ட் பொடி அவர் கன்னத்தில் விழுந்தது.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "கம்பம் விடுது."

"சார், நீங்க செத்துட்டிய" என்றாள் அந்தப் பெண், உதட்டை அசைக்காமல். "பேசக்கூடாது. கேமரா இங்கதான் பாக்குது."

"இல்லம்மா, நெசமாவே..."

"சார், ப்ளீஸ்."

கிங்ஸ்டன் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் ஒன்று இன்னொன்றின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஜாய். கம்பம் சாய்கிற திசை அதுதான். இரண்டாவது கம்பி அறுந்தது.

அவர் எழுந்துவிட்டார். எழ வேண்டும் என்று முடிவெடுத்ததாக அவருக்கு நினைவில்லை. நெஞ்செல்லாம் சிவப்பு ஒழுக, கழுத்தில் அட்டை ஆட, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு கத்தினார்.

"விழுது! கம்பம் விழுது! பிள்ளைகள எடுங்க!"

கூட்டம் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

"பிணம் படுக்கவும்" என்றது மைக். "பிணம் தயவுசெய்து படுக்கவும். கம்பம் விழும் நிகழ்ச்சி சிறப்புரைக்குப் பிறகுதான் வருகிறது. இப்போது வரவேற்புரை."

ஜாய் சிரிக்கவில்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேய்ப்பனாகச் சும்மா நிற்கச் சொன்னபோதே வியர்த்து வழிந்து மேடையை விட்டு இறங்கிப் போனவர் அவள் புருஷன். அவருக்கு நடிக்க வராது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் படபடவென்று கைகளைத் தட்டினாள்.

"பிள்ளேளா, எந்திங்க! பையெல்லாம் அங்கனயே கிடக்கட்டும். கையப் பிடிச்சிக்கிட்டு பேக்கரிப் பக்கம் ஓடுங்க!"

"டீச்சர், பார்வையாளர்கள் கலையக் கூடாது!" என்றது மைக்.

வடிவம்மாள் அதற்குள் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் அள்ளியிருந்தாள். கிங்ஸ்டன் மேடைக்கு ஓடினார்.

"சார், கரன்ட்ட நிறுத்தச் சொல்லுங்க. ஒயரு அறுந்து விழுந்தா அம்புட்டுப் பேரும் போயிருவாவ."

கிருபாநிதி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "கிங்ஸ்டன், யோசித்துப் பேசுங்கள். கரன்ட்டை நிறுத்தினால் மைக் ஓடாது. மைக் இல்லாமல் மின்சாரப் பாதுகாப்பைப் பற்றி எப்படிப் பேசுவது?"

லைன்மேன் மாடக்கண்ணு சர்ச்சுக்குப் பின்னால் வேனில் உட்கார்ந்திருந்தான். மீட்புப் படையாக அவன் ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு. கிங்ஸ்டன் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேன் கதவைப் பிடித்துத் தொங்கினார். மூச்சு வாங்கியதில் முதலில் பேச்சு வரவில்லை.

"லைன... ஆஃப் பண்ணு."

மாடக்கண்ணு அவருடைய நெஞ்சைப் பார்த்து ஒருகணம் அரண்டுபோனான். பிறகு அட்டையைப் படித்தான். "அண்ணாச்சி, எனக்கு இன்னும் நேரம் வரலயே. 'பொதுமக்கள் அலறல்' முடிஞ்ச பொறவுதான் நான் வரணும். முந்தி வந்துட்டேன்னா மெமோ கொடுத்துருவாவ. போன தடவ குலசேகரன்பட்டினத்துல ஒருத்தன் முந்திட்டான், இன்னமும் அலையுதான்."

"ஏலே, நெசமா விழுதுல!"

கிங்ஸ்டன் யாரையும் அதுவரை 'ஏலே' என்று அழைத்ததில்லை. மாடக்கண்ணுவின் கை கதவுப் பிடிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"அலறச் சொல்லுங்க அண்ணாச்சி. அலறல் கேட்டுச்சின்னா என்னைய ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது."

கிங்ஸ்டன் திரும்பி ஓடினார். பாதி வழியிலேயே கத்தத் தொடங்கினார். "அலறுங்க! எல்லாரும் அலறுங்க! சத்தம் போடுங்கய்யா!"

தெரு ஒருகணம் விழித்தது. பேக்கரி வாசலில் பிள்ளைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த வடிவம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டாள். அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் எடுத்தாள். விக்டர் சேர்ந்துகொண்டான். கடற்கரை ஆட்கள் படகு தள்ளும்போது போடுகிற சத்தத்தைப் போட்டார்கள். பேக்கரிக்குள்ளிருந்து பிள்ளைகள் வீறிட்டன. அவை நடிக்கவில்லை.

"அலறல் இப்போது இல்லை!" என்றார் கிருபாநிதி. "அலறல் பின்னால்! நான் கைகாட்டிய பிறகு! பாதுகாப்பே நமது உயிர்மூ..."

மைக் செத்தது. மாடக்கண்ணு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, மேலே நின்று கையை வீசிக் காட்டினான்.

விக்டர் கயிற்றோடு பாய்ந்தான். கம்பத்தைச் சுற்றி ஒரு முடிச்சு. கயிற்றின் மறுமுனையைக் கிடைத்தவர்கள் எல்லாம் பிடித்தார்கள். கடைக்காரர்கள், வலைக்காரர்கள், சைக்கிளில் போனவர், மேடைக்கு நாற்காலி போட வந்தவர்கள், கழுத்தில் அட்டையோடு கிங்ஸ்டன். பேக்கரியில் பிள்ளைகள் இருந்தார்கள். கம்பம் அந்தப் பக்கம் சாயாமல் மேடைப் பக்கம் இழுக்க வேண்டும்.

"இழுக்காதிய, விடாமப் புடிங்க" என்றான் விக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "காத்து ஓயட்டும். நான் சொன்ன பொறவு இழுங்க."

கயிறு உள்ளங்கைகளை அறுத்தது. கிங்ஸ்டனின் செருப்பு மணலில் வழுக்கியது. கம்பம் பேக்கரிப் பக்கம் ஒருமுறை குனிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேரும் ஓரடி முன்னால் இழுபட்டார்கள். யாரோ 'ஏசுவே' என்றார்கள், யாரோ 'முருகா' என்றார்கள்.

"சார், இறங்குங்க!" என்று ஜாய் மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

"நன்றியுரை ஆகவில்லை..." என்றார் கிருபாநிதி. கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அவருடைய வயதுக்கும் பதவிக்கும் பொருந்தாத ஒரு தாவல் தாவினார்.

"இப்ப!" என்றான் விக்டர்.

கம்பம் மேடையின் குறுக்கே விழுந்தது. சிறப்பு விருந்தினர்களின் சோபாக்கள் நசுங்கின. சிறப்பு விருந்தினர்கள் வழக்கம்போல இன்னும் வந்து சேராததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்துப்போன ஒயர்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில், புத்தகப் பைகளின்மேல் சுருண்டு கிடந்தன.

ஜாய் பிள்ளைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு அப்படியே பேக்கரிப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கிங்ஸ்டன் அவளருகே போய் நின்றார்.

கிருபாநிதி சட்டையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மைக் இல்லாததால் கையைக் குவித்துக்கொண்டு பேசினார்.

"ஒத்திகை மாபெரும் வெற்றி! கம்பம் திட்டமிட்டபடி விழுந்தது. ஒரே ஒரு குறை. இறந்தவர் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை."

வடிவம்மாள் காறித் துப்பினாள்.

மறுநாள் நாலு பேரும் மின் அலுவலகத்துக்குப் போனார்கள். கம்பம் விழுந்துவிட்டது. இனி என்ன தடை?

இளநிலைப் பொறியாளர் டீ வாங்கிக் கொடுத்தார். "விழுந்தத நானும் பாத்தேன். நல்லா விழுந்துச்சு. ஆனா மன்றத்துலருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க, ஒத்திகைக்காக விழுந்ததுன்னு. ஒத்திகையில விழுந்தா விழுந்ததா எடுத்துக்க முடியாது. எங்க கணக்குல அது இப்பவும் நிக்கிது."

"எங்க சார் நிக்கிது?" என்றார் கிங்ஸ்டன்.

"அதே முக்குலதான்."

ஆறாவது வார்டு இருண்டது. மோட்டார் ஓடாததால் தொட்டி வறண்டது. தெருக்குழாயில் காற்று வந்தது. வீட்டுக் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. பெண்கள் அடுத்த வார்டுக்குக் குடத்தோடு போனார்கள். அங்கே உள்ளவர்கள் முதல் நாள் சும்மா இருந்தார்கள், இரண்டாம் நாள் முறைத்தார்கள், அதற்கடுத்த நாள் அடிதடியானது. விக்டரின் மனைவி இசபெல்லாவின் நெற்றியில் குடம் பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. அந்தக் கட்டோடு அவள் பேக்கரி முன்னால் வந்து நின்றபோது தெரு மொத்தமும் கூடியிருந்தது.

"ரோட்ட மறிப்போம்" என்றான் விக்டர்.

"மறிச்சா கேசு போடுவான். கம்பம் வராது" என்றாள் வடிவம்மாள்.

ஜாய் கம்பம் நின்ற முக்கைப் பார்த்தாள். "ஒத்திகையில விழுந்தா விழுந்ததா ஆவாதுன்னா, ஒத்திகையில நட்டுட்டுப் போவட்டும்" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் கிங்ஸ்டனைப் பார்த்தார்கள்.

மன்றத்தின் அலுவலகம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மாடியில் இருந்தது. கிங்ஸ்டன் கையில் மக்ரூன் பெட்டியோடு படியேறினார். உள்ளங்கைக் காயத்தில் வியர்வை பட்டு எரிந்தது. வாழ்க்கையில் அவர் ஓர் அதிகாரியிடமும் பொய் சொன்னதில்லை. உண்மையையும் அதிகமாகச் சொன்னதில்லை.

கிருபாநிதி ஒத்திகை வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், படம் ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்லுதாவ. ஆனா..." கிங்ஸ்டன் மக்ரூன் பெட்டியைத் திறந்து நீட்டினார். "விழுகுறதோட முடிஞ்சிருதே. விருதுக்காரங்க, பொறவு என்ன செஞ்சாங்கன்னு கேக்க மாட்டாவளா?"

கிருபாநிதி மக்ரூனை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "மறுசீரமைப்பு" என்றார், தனக்குத்தானே. "இரண்டாம் கட்டம். மறுசீரமைப்பு ஒத்திகை! கிங்ஸ்டன், இது எனக்கு முன்பே தோன்றிய யோசனை."

"ஆமா சார்."

"புதுக் கம்பம் நடுகிறோம். கம்பி இழுக்கிறோம். விளக்கு எரிகிறது. மக்கள் மகிழ்கிறார்கள். எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும். அட்டைக் கம்பம் எல்லாம் சரிவராது."

"சரிவராது சார்."

படியிறங்கி வந்த கிங்ஸ்டன் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திட்டத்தைப் பற்றித் தெருவில் ஒருவரும் வெளியில் மூச்சுவிடவில்லை. மின் அலுவலக வாசலில் படுத்திருந்த ஆடுகளை எழுப்பிவிட்டு, ஒரு கம்பம் 'ஒத்திகைப் பொருள், திரும்பப் பெறத்தக்கது' என்று மன்றத்துக்கு இரவலாக வந்தது. விக்டரின் ஆட்கள் குழியை ஆழமாக, மிக ஆழமாகத் தோண்டினார்கள். ஒத்திகைக்கு எதற்கு இவ்வளவு ஆழம் என்று கிருபாநிதி கேட்டபோது, "தத்ரூபம் சார்" என்றான் விக்டர். சிமென்ட் கலவையை வடிவம்மாள் தன் கையாலேயே வாரிக் கொட்டினாள். மாடக்கண்ணு மேலே ஏறிக் கம்பிகளை இழுத்துக் கட்டினான். கேமரா எல்லாவற்றையும் எடுத்தது. வெயில் சாயும் நேரத்தில் மாடக்கண்ணு ஃபியூஸைப் போட்டான்.

தெருவிளக்கு எரிந்தது. வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. யாரும் நடிக்கச் சொல்லாமலே இசபெல்லா அழுதாள்.

கிருபாநிதி புதிதாகப் போட்ட மேடையில் ஏறி நிறைவுரை ஆற்றினார். "இருளிலிருந்து ஒளிக்கு! இதுவே நம் மன்றத்தின் சாதனை. நன்றி. இத்துடன் ஒத்திகை நிறைவு..." பக்கவாட்டில் திரும்பினார். "மாடக்கண்ணு, லைனைத் துண்டியுங்கள். கம்பத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றுங்கள். காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்."

மாடக்கண்ணு அசையவில்லை. அவன் கிங்ஸ்டனைப் பார்த்தான்.

கிங்ஸ்டன் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, புதுக் கம்பத்துக்கு முன்னால் நின்றார்.

"வேண்டாம் சார்" என்றார்.

"என்ன?"

"வேண்டாம்."

அவருக்குப் பின்னால் ஜாய் வந்து நின்றாள். பிறகு வடிவம்மாள். பிறகு நெற்றியில் கட்டோடு இசபெல்லா, விக்டர், கடற்கரை ஆட்கள், மொத்தத் தெரு. கோஷம் இல்லை, கைநீட்டல் இல்லை. சும்மா நின்றார்கள். பாதுகாப்புக்கு வந்து வேனில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் இறங்கி, நிலைமையைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"இது அரசுப் பொருள்" என்றார் கிருபாநிதி. முதல்முறையாக அவர் குரல் சாதாரண மனிதக் குரலாக இருந்தது. "இரவல் வாங்கியது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புரிகிறதா?"



"சார்" என்றார் கேமராக்காரர் தயங்கித் தயங்கி. "ஓடிட்டுத்தான் இருக்கு. பிடுங்கறதையும் எடுக்கவா?"

கிருபாநிதி கேமராவைப் பார்த்தார். கம்பத்தைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அவருடைய நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. கைக்குட்டையால் துடைத்தார். அடையாள அட்டையை நேராக்கினார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நிறைவு என்று நான் சொன்னது என் உரையைத்தான். ஒத்திகை நிறைவடையவில்லை. மறு அறிவிப்பு வரும்வரை, இந்த மாபெரும் ஒத்திகை தொடர்ந்து நடைபெறும் என்பதை மகிழ்ச்சியுடன்..."

தெருக்குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு கனமாக, தெளிவாக, தண்ணீர் விழத் தொடங்கியது.

"ஏளா, தண்ணி வந்துட்டு!" என்று வடிவம்மாள் கத்தினாள்.

கூட்டம் வீடுகளுக்குள் பாய்ந்து குடங்களோடு திரும்பி வந்தது. கிங்ஸ்டனும் பேக்கரிக்குள் ஓடி, மாவு பிசைகிற பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். காலி நாற்காலிகளைப் பார்த்து, ஒத்திகை எத்தனை ஆண்டுகள் நீடித்தாலும் மன்றம் தளராது என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். குடங்கள் நிரம்புகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.